வாய் ஓர் அமானிதம்

 

நாள்தோறும் ஐவேளைத் தொழுகைக்காக ஒளூச் செய்கிறோம். ஒவ்வோர் ஒளூவிலும் மும்முறை வாய் கொப்பளிக்கிறோம். ஐவேளையும் புதிதாக ஒளூச் செய்பவரின் வாய்க்குள் நாளொன்றுக்குப் பதினைந்து முறை தூய நீர் சென்று வருகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஐயாயிரம் முறைக்கும் மேல்! இத்தனை முறை வாயைக் கழுவுகின்ற நாம், அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடியின் முன் நின்று ஒரு முறையேனும் பார்த்திருக்கிறோமா? பெரும்பாலோர் பார்த்ததில்லை. நானும் பல ஆண்டுகள் பார்த்ததில்லை. அதனால் விளைந்த தீங்கை உங்களிடம் ஒளிக்காமல் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். கலைக்கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணியில் இருப்பவன். ஆயினும் புற்றுநோய் எங்கள் வீட்டுக்குள் ஒரு முறை வந்து சென்றது. இன்னொரு முறை வாசல்வரை வந்து நின்றது. அவ்விரண்டையும் கூறி, மருத்துவ ஆய்வாளர்கள் ஐயமின்றி நிறுவியுள்ள செய்திகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நன்னியின் வெற்றிலைப் பெட்டி

என் அன்னையின் தாயாரை நாங்கள் நன்னி என்று அழைப்போம். ஐவேளை தொழுகை தவறாதவர். யாரைப் பற்றியும் புறம் பேசாதவர். அவர் அருகில் எப்போதும் ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி இருக்கும். அதில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பாக்குவெட்டி, சுண்ணாம்புச் சிமிழ், ஓலையில் மடித்த புகையிலை ஆகியவை ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கும். பற்கள் விழுந்த பின்னர் அவருக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. அதற்குக் கூலியாக ஒரு கற்கண்டு கிடைக்கும். மகிழ்ச்சியோடு இடித்துக் கொடுத்தேன்.

1992ஆம் ஆண்டு நன்னியின் இடக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றியது. புகையிலையை அவர் எப்போதும் அடக்கி வைக்கும் இடம் அது. வலி இல்லை. ஆதலால் யாரிடமும் கூறவில்லை. காரம் பட்டபோது எரிந்தது, காரத்தைக் குறைத்துக்கொண்டார். வாய் திறப்பது கடினமாயிற்று. சோற்றைக் குழைத்து உண்டார். கன்னம் வீங்கியபோது முக்காட்டை இழுத்து மறைத்துக்கொண்டார். எட்டு மாதங்கள் கழித்து, வீக்கத்தை மறைக்க முக்காடு போதாமற்போன பிறகே வீட்டார் அறிந்தனர். ஏன் முன்னரே கூறவில்லை என்று என் அன்னை அழுது கேட்டபோது, ஆண் மருத்துவர் முன் வாயைத் திறந்து காட்ட வெட்கமாக இருந்தது என்றார் நன்னி.

தாடையின் ஒரு பகுதியை அகற்றினர். கதிர்வீச்சுச் சிகிச்சையும் அளித்தனர். நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. மறு ஆண்டு அவர் இறையடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இறுதி நாட்களில் கலிமாவைக்கூடத் தெளிவாக மொழிய இயலாமல் அவர் உதடு அசைந்ததைப் பத்து வயதுச் சிறுவனாக நான் அருகில் இருந்து பார்த்தேன். அவருக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்த கை என்னுடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குற்றவாளி யார்?

வெற்றிலைத் தட்டில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, புகையிலை. இவற்றுள் குற்றவாளி எது?

வெற்றிலையின்மீது ஆய்வாளர்கள் குற்றம் சுமத்தவில்லை. புகையிலையே முதற் குற்றவாளி. மெல்லும் புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் குறைந்தது 28 உள்ளன. அவற்றுள் நைட்ரோசமைன் என்னும் வகையைச் சேர்ந்தவை மிகக் கொடியவை. வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றில் இவை புற்றுநோயை விளைவிக்கும். பீடி, சிகரெட்டுப் புகையிலோ அத்தகைய பொருள்கள் 70க்கும் மேற்பட்டவை.

நம்மில் பலர் ஓர் ஆறுதல் வைத்திருக்கிறோம். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பதே அது. இந்த ஆறுதல் பொய்யாகிவிட்டது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இயங்குகிறது. புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோயைத் தரும் என்று அம்முகமை 1985ஆம் ஆண்டே அறிவித்தது. 2003ஆம் ஆண்டு மீண்டும் கூடி ஆராய்ந்து, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவையே என்று முடிவு கூறியது. ஐயத்திற்கு இடமில்லாத முதல் பிரிவில் அவற்றைச் சேர்த்தது. புகையிலையும் மதுவும் வைக்கப்பட்டிருக்கும் அதே பிரிவுதான் அது!

பாக்கு எவ்வாறு தீங்கு செய்கிறது? பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்சதையில் நார்த்திசுவைப் பெருக்கி, அதை இறுகச் செய்கிறது. மிருதுவாக இருக்க வேண்டிய கன்னம் தோற்பலகைபோல் விறைக்கிறது. வாய் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. காரம் தாங்காது. கொட்டாவி விடவும் இயலாது. 1952ஆம் ஆண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு சுவார்ட்ஸ் என்னும் மருத்துவர் எழுதி வைத்தார். கடல் கடந்து சென்ற நம் நாட்டுப் பெண்கள் தங்கள் பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றிருந்தனர். இவ்விறுக்கம் ஏற்பட்டோரில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் அவ்விடத்திலேயே புற்று தோன்றுகிறது.

சுண்ணாம்பும் நிரபராதி அன்று. அது பாக்குடன் சேரும்போது உயிரணுக்களைத் தாக்கும் வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. உயிரணுக்கள் பிரிந்து தம்மைப் போன்ற புதிய அணுக்களை உருவாக்குகின்றன. நாள்தோறும் நஞ்சுபட்டுப் புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணாகும் இடத்தில் இந்தப் படியெடுப்பில் பிழை நேர்கிறது. பிழைகள் பல சேர்ந்த அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. அதுவே புற்று. ஒரு நாளில் நிகழ்வதன்று. பத்து, இருபது ஆண்டுகளில் நிகழ்வது. அதனாலேயே அப்பழக்கத்தையும் இந்நோயையும் நம் மனம் இணைத்துப் பார்ப்பதில்லை.

இந்திய ஆண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது உதடும் வாயும் சார்ந்த புற்றே என்று 2020, 2022ஆம் ஆண்டுகளின் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. உலக அளவில் ஆண்களுக்கு மிகுதியாக நுரையீரலில் வருவது, நமக்கு வாயில் வருகிறது. நம் கைகளே அதை வாயில் இடுகின்றன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

புகையிலை பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டில் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே பிற நாட்டார் அதை அறிந்தனர். போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பேரரசர் அக்பரின் அவைக்கு அது வந்து சேர்ந்தது அவருடைய இறுதிக் காலத்திலேயே. அவருடைய மைந்தர் ஜஹாங்கீர் 1617ஆம் ஆண்டு அதற்குத் தடை விதித்தார். துருக்கியில் நான்காம் முராது சுல்தான் 1633இல் தடை விதித்தார். ஆக, நம் முன்னோர் பலர் நினைத்ததுபோல் இது தொன்றுதொட்டு வந்த பழக்கமன்று. நானூறு ஆண்டு விருந்தாளி!

புதிதாக வந்த பொருளாதலால், அது ஆகுமானதா, மக்ரூஹா, ஹராமா என்று உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அந்நாளில் அதன் தீங்கு முழுமையாக அறியப்படவில்லை. இன்று நிலைமை வேறு. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்னும் கருத்தை அல்பகறா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தில் ஓதுகிறோம். இவ்வசனத்தை முன்வைத்தே நம் காலத்து மார்க்க அறிஞர் பலர் புகைப்பதைக் கூடாது என்கின்றனர்.

உள்ளிப்பூண்டும் வெங்காயமும் உண்டு அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஹலாலான உணவின் வாடைக்கே இந்தக் கட்டுப்பாடு! பீடி வாடையோடும் புகையிலை வாடையோடும் ஸஃப்பில் நிற்பவர் தம் அருகில் நிற்பவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

மறுமையில் அடியானின் பாதங்கள் அசையுமுன் அவனிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, அவனுடைய உடலை எதில் தேய்த்தான் என்பது. திர்மிதீயில் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்து இது. உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூடக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் நாம், அல்லாஹ் தந்த வாயை எந்நிலையில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம்?

தலைவிதி என்று சொல்லலாமா?

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். வருவது வந்தே தீரும். என் பாட்டனார் எண்பது வயதுவரை வெற்றிலை போட்டார். அவருக்கு என்ன வந்தது?" என்று கேட்போர் உண்டு.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு ஷாம் நாட்டில் அம்வாஸ் என்னும் கொள்ளைநோய் பரவியது. ஷாமை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடத்தில் அச்செய்தியைக் கேட்டுத் தம் தோழர்களோடு திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் பொருள்பட விடையளித்தார்கள். விதியை நம்புவதும் தற்காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

பாட்டனார் தப்பியது உண்மையாக இருக்கலாம். கைப்பிடிச் சுவரற்ற மாடியில் உறங்கி விழாமல் எழுந்தவர்களும் உண்டு. அதற்காக நம் பிள்ளைகளை அங்கே படுக்கவைப்போமா? புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு தடுக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எஞ்சியவை நம் கைக்கு எட்டாமல் இருக்கலாம். எந்தத் தீய பழக்கமும் இல்லாத நல்லோருக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆகவே நோயுற்றவரைக் கண்டு இவர் என்ன செய்தாரோ என்று ஒருபோதும் எண்ணலாகாது. நம் கையில் இருப்பதை நாம் செய்வோம்.

என் குற்றம்

இனி என் கதைக்கு வருகிறேன். நன்னியின் மரணத்தைக் கண்ட நானே பாக்குப் பழக்கத்திற்கு ஆளானேன். மாணவப் பருவத்தில் இரவு விழித்துக் கிதாபு பார்க்கும்போது உறக்கம் வராதிருக்கப் பாக்குத்தூள் பொட்டலம் வாங்கி வாயில் போட்டேன். பாக்கு சற்றே கிளர்ச்சி தரும். பின்னர் அதுவே அடிமைப்படுத்தும். ஆசிரியரான பின்னும் பழக்கம் தொடர்ந்தது. புகையிலை இல்லையே என்பதே என் சமாதானம். நாளொன்றுக்கு நான்கைந்து பொட்டலங்கள் என் ஜுப்பாப் பையில் இருக்கும்.

ஒரு நாள் அஸருக்குப் பின் மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வாயை மூடிக்கொண்டே ஓதினான். திறக்கச் சொன்னேன். நாக்கில் பாக்குத்தூள். கோபத்தோடு எங்கிருந்து வாங்கினாய் என்று அதட்டினேன். அவன் சிறிதும் அஞ்சவில்லை. "நீங்க போடுறதுதானே ஹஜ்ரத்?" என்றான்.

அன்று அவனுக்கு என்னால் ஒரு சொல்லும் விடை கூற இயலவில்லை. நன்னிக்கு இடித்துக் கொடுத்த கை இப்போது அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிட்டது என்பது எனக்கு அப்போது உறைத்தது.

மறுவாரம் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் என் விரல்கள் மூன்றைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாயில் நுழைக்கச் சொன்னார். இரண்டரை விரலுக்கு மேல் நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறியிருந்தது. புற்று இல்லை, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் இறுக்கம் தொடங்கிவிட்டது என்றும், பாக்கை நிறுத்தினால் மேலும் பெருகாமல் தடுக்கலாம் என்றும், ஏற்பட்டது முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது என்றும் கூறினார். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை வந்து காட்டப் பணித்தார்.

பாக்கை விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் திருமறை ஓதுகையில் வாயை முழுமையாகத் திறந்து நீட்ட வேண்டிய இடங்களில் இன்றும் ஓர் இறுக்கத்தை உணர்கிறேன். மாணவர்களுக்கு மக்ரஜைத் திருத்தும்போது, என் வாய் திறக்கும் அளவுக்கு மேல் நீங்கள் திறக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஓதிக்கொடுப்பவனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

விடுவது எப்படி?

விட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். விட முடியவில்லையே என்பதுதான் துயரம். நம் சமுதாயத்திற்கு அல்லாஹ் ஆண்டுதோறும் ஒரு பயிற்சி மாதத்தையே அளித்திருக்கிறான். ரமளானில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை நம் தமிழகத்தில் ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பீடி, சிகரெட்டு, வெற்றிலை அனைத்தையும் விட்டிருக்கிறோம். பகல் முழுதும் விட முடிந்தவரால் இரவில் விட முடியாதா? நோன்பு திறந்தவுடன் பேரீச்சம்பழத்திற்கு அடுத்தபடியாகத் தீப்பெட்டியைத் தேடும் கை, அந்த ஓர் இடத்தில் தன்னை அடக்கிக்கொண்டால் போதும். நிகோடினை நிறுத்தியதால் ஏற்படும் எரிச்சல், உறக்கமின்மை, ஏக்கம் ஆகியவை முதல் சில நாட்களில் கடுமையாக இருந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ரமளானோ ஒரு மாதம்! பெருநாள் பிறை தெரியும்போது கடினமான கட்டம் கடந்திருக்கும்.

ரமளான்வரை காத்திருக்க வேண்டும் என்பதன்று. இன்றே தொடங்கலாம். எனக்கு உதவியவற்றைக் கூறுகிறேன். பொட்டலம் வாங்கும் கடை வழியே செல்வதை நிறுத்தினேன். பையில் ஏலக்காயும் சோம்பும் வைத்துக்கொண்டேன். ஏக்கம் எழும்போது ஒளூச் செய்தேன், மிஸ்வாக் செய்தேன். மிஸ்வாக் புற்றுநோயைத் தடுக்கும் என்று நான் கூறவில்லை. வாய் தூய்மையாக இருக்கும்போது அழுக்கை இட மனம் கூசுகிறது என்பதே என் அனுபவம். வீட்டாரிடமும் மாணவர்களிடமும் விட்டுவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னேன். பலர் முன்னிலையில் சொன்ன சொல் காவலாக நின்றது.

தனியே இயலாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. புகையிலையை விட விரும்புவோருக்காக இந்திய அரசு கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை நடத்துகிறது: 1800 11 2356. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் பெறலாம். புகைப்பதை விட்ட 5 முதல் 10 ஆண்டுகளில் வாய், தொண்டைப் புற்றுநோய்களின் கூடுதல் அபாயம் பாதியாகக் குறைகிறது. எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

வாயைக் காத்தால் மட்டும் போதுமா? இல்லத்தரசியரின் கையில் இருக்கும் வேறு சில நன்மைகளையும் சொல்லிவிடுகிறேன்.

தேநீரைச் சற்று ஆறவிட்டுக் கொடுங்கள். ஈரான் நாட்டின் வடகிழக்கிலுள்ள கோலெஸ்தான் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்று மிகுந்திருந்தது. மிகச் சூடாகத் தேநீர் அருந்துவோருக்கு அந்நோய் கூடுதலாக வருகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று பன்னாட்டு முகமையும் 2016இல் கூறியது. குற்றம் தேயிலையினது அன்று; சூட்டினது.

தட்டில் காய்கறி, கீரை, பழம், பருப்பு ஆகியவற்றின் பங்கு பெருகட்டும். பிரியாணி ஹலால்தான், ஆனால் நாள்தோறும் வேண்டியதில்லை. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றை உண்டாக்குகிறது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது. நகரத்துக் கடைகளிலிருந்து நம் பிள்ளைகள் விரும்பி வாங்கும் சாஸேஜ், சலாமி போன்றவை இவ்வகையே. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையைக் கழுவி வறுத்துச் சேர்க்காமல் எறிந்துவிடுங்கள். அதில் கல்லீரல் புற்றுக்குக் காரணமான நஞ்சு இருக்கக்கூடும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி விருந்து மேசைகளில் மறக்கப்படுகிறது. மிகுந்த உடற்பருமன் பல புற்றுநோய்களுக்கு வழி செய்கிறது. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விரைந்து நடக்க வேண்டும் என்பது மருத்துவர் வாக்கு. பள்ளிவாசலுக்கு நடந்து செல்வோருக்கு அதில் ஒரு பகுதி நன்மையோடு சேர்ந்தே கிடைத்துவிடும். பெண்கள் வீட்டு மாடியிலேனும் நடக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு நற்செய்தி. முழுமையாக்க விரும்பும் தாய் ஈராண்டு பாலூட்டலாம் என்று அல்பகறா அத்தியாயம் 233ஆம் வசனம் வழிகாட்டுகிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட அறிஞர்கள், ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திற்கும் மார்பகப் புற்றின் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது என்று கண்டனர். பிள்ளைக்கு ஊட்டும் பால் தாய்க்கும் அரணாகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

பீடி சுற்றிப் பிழைக்கும் நம் சகோதரிகளையும் இங்கே நினைக்க வேண்டும். மேலப்பாளையம் முதலிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தட்டை நம்பி அடுப்பெரிக்கின்றன. அவர்களைப் பழிப்பது அறமன்று. அவர்கள் காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து சுற்றட்டும். உண்ணுமுன் கைகளை நன்கு கழுவட்டும். தூள் பறக்கும் அறையில் குழந்தைகளை உறங்க வைக்காதிருக்கட்டும். அவர்களின் பெண்மக்களுக்கு வேறு கைத்தொழில் கற்பிக்க ஜமாஅத்துகள் முன்வரட்டும்.

பிறை பார்க்கும் நாளில்

மாதந்தோறும் பிறை பார்க்கிறோம். அந்நாளில் வாயையும் பார்த்துவிடுவது என்று ஒவ்வொரு குடும்பமும் வழக்கமாக்கிக்கொண்டால் என்ன?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியின் முன் நில்லுங்கள். கைகளைக் கழுவி, உதடுகளை விரித்துப் பாருங்கள். இரு கன்னங்களின் உட்புறத்தையும், நாக்கின் மேல், கீழ், இரு ஓரங்களையும், அண்ணத்தையும், ஈறுகளையும் பாருங்கள். விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வாரங்களில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெண்திட்டு, செந்திட்டு, கட்டி, காரணமற்ற இரத்தக் கசிவு, மூன்று விரல் நுழையாத வாய், நாக்கை அசைப்பதில் தடை, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலிக்காது. நன்னிக்கும் வலிக்கவில்லை.

இவ்வாறு பார்ப்பதால் பயன் உண்டா என்னும் வினாவிற்கு நம் அண்டை மாநிலத்திலேயே விடை கிடைத்தது. கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியில் 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். அதன் முடிவு 2005இல் வெளியாயிற்று. புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் 34 விழுக்காடு குறைந்திருந்தன. வேண்டியிருந்தது வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் மட்டுமே!

புற்றுநோய் என்றாலே மரணம் என்று அஞ்சி ஒளிந்துகொள்வது அறியாமை. தொடக்கத்தில் கண்டறியப்பட்ட வாய்ப்புற்றினர் பெரும்பாலோர் குணமடைகின்றனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், 1954ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இன்று பல்லாயிரவருக்கு நிழல் தருகிறது. ஒருவரின் துயரம் ஊருக்கே மருந்தானது. தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி உண்டு. பணமில்லை என்பதற்காக யாரும் வீட்டில் முடங்க வேண்டியதில்லை. எந்த நோயையும் அதற்குரிய மருந்தில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழி.

வெட்கம் எங்கே வேண்டும்?

சகோதரிகளே! உங்களிடம் தனியே ஒரு சொல். வெட்கம் ஈமானின் கிளை. ஐயமில்லை. ஆனால் நோயை மறைப்பது வெட்கமன்று. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் செல்லுங்கள். இல்லையேல் தேவையின் பொருட்டு ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கம் இடம் தருகிறது. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார், மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைத்துப் போரில் காயமுற்ற ஆண்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். வாயில் புண் என்றாலும், மார்பில் கட்டி என்றாலும், மாதவிலக்கு நின்ற பின் உதிரம் தோன்றினாலும் அதே வாரத்தில் உங்கள் கணவரிடமோ மகளிடமோ சொல்லிவிடுங்கள்.

ஆண்களே! வீட்டிலுள்ள முதிய பெண்கள் காரத்தைக் குறைத்துக்கொண்டார்களா, சோற்றைக் குழைத்து உண்கிறார்களா, முக்காட்டைக் கன்னத்தின்மேல் இழுத்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். நீங்கள்தாம் கேட்க வேண்டும்.

இறுதியாக ஜமாஅத்துப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிகாஹ் சபைகளிலும் நிச்சய வீடுகளிலும் வெற்றிலைப் பாக்குத் தட்டு இன்றும் சுற்றி வருகிறது. சிறுவர்களும் அதில் கை வைக்கின்றனர். வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. அந்தத் தட்டில் பேரீச்சம்பழத்தை வைத்தால் மங்கலம் குறையுமா? எங்கள் மஹல்லாவில் சென்ற ஆண்டு நடந்த ஒரு திருமணத்தில் அவ்வாறு வைத்தனர். யாரும் குறை கூறவில்லை. அந்தச் சபையில் என் மாணவனும் இருந்தான். இப்போது அவனுக்கு வயது பதினாறு. ஒரு பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கி உண்டேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் கொடிய நோய்களிலிருந்து காப்பானாக! நோயுற்றோர்க்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! இறுதி மூச்சில் கலிமாவைத் தெளிவாக மொழியும் வாயை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.